ஆணழகர்களில் மிகப் பெரியவர் யார்? செண்பகத்தோப்பில் ஒரு வழக்கு!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு.

மேலே மேற்குத் தொடர்ச்சி மலை. கீழே மாந்தோப்பும் தென்னந்தோப்பும். மலைக்காட்டில் சாம்பல் நிற அணில்கள் கிளைக்குக் கிளை தாவும். அவற்றைக் காப்பதற்கென்றே 1988-ல் இங்கு சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் இந்தக் காடு புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று.

இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை நினைத்துப் பாருங்கள்.

தென்னந்தோப்பில் பம்புசெட்டு ஓடுகிறது. தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. ராஜபாளையத்திலிருந்து வந்த மூன்று வாலிபர்கள் குளிக்கிறார்கள். சட்டையைக் கழற்றியதுமே அவர்களுக்குள் ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது.

"உலகத்திலேயே பெரிய ஆணழகன் யாருடா?"

"அர்னால்டுதான்! இதில் என்ன சந்தேகம்?" என்கிறான் ஒருவன்.

"போடா! ரோனி கோல்மன் பக்கத்தில் அர்னால்டு நிற்க முடியுமா?" என்கிறான் இன்னொருவன்.

மூன்றாமவன் பேசவில்லை. தன் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக் கொண்டிருக்கிறான். ஒல்லியான கை. ஆறு மாதமாக 'ஜிம்'முக்குப் போகிறான். கை அவன் நினைத்தபடி பருக்கவில்லை. "ஊசி போட்டால் மூன்றே மாதம்!" என்று யாரோ அவன் காதில் ஓதியிருக்கிறார்கள். அந்த ஊசிக்காகப் பணம் சேர்த்துக் கொண்டிருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே, இது வெட்டிப் பேச்சு அல்ல. ஒரு பையன் யாரைப் பெரியவர் என்று நினைக்கிறானோ, அவரைப் போலவே ஆகப் பார்க்கிறான். வழக்கை நன்றாக விசாரிக்கத்தான் வேண்டும்.

கல் தூக்கிய காலம்

தோப்பில் தேங்காய் பறிக்க வந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்.

"தம்பிகளா! எங்க காலத்துல இளவட்டக்கல்லைத் தூக்கினவன்தான் ஆம்பளை!"

தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைப் பார்க்கலாம். உருண்டையாக, வழவழவென்று இருக்கும். கை வைத்தால் வழுக்கும். பிடிப்பதற்கு இடமே கிடையாது. நூறு கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு. அதை முதலில் முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். பிறகு மார்புக்கு. பிறகு தோளுக்கு. கடைசியில் தோளுக்குப் பின்னால் போட வேண்டும். கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுப்பார்களாம். அதனால் 'கல்யாணக்கல்' என்றும் அதற்குப் பெயர். பொங்கல் நாளில் கல் தூக்கும் போட்டி இன்றும் சில ஊர்களில் நடக்கிறது.

அங்கே யாரும் உடம்பின் அழகைப் பார்ப்பதில்லை. கல் தூக்க முடிகிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

உடம்பைப் பார்த்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் எப்போது வந்தது?

சாண்டோ வைத்த போட்டி

யூஜின் சாண்டோ என்பவர் 1867-ல் ஜெர்மானியர் நாட்டில் பிறந்தார். மேடையில் பெரிய பெரிய எடைகளைத் தூக்கிக் காட்டினார். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஆனால், அவர் தூக்கிய எடையைவிட அவருடைய உடம்பைத்தான் அதிகமாக வியந்தார்கள். சாண்டோ இதைக் கவனித்தார். உடம்பையே காட்சியாக்கினார்.

1901 செப்டம்பர் 14-ந் தேதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பெரிய போட்டி ஒன்றை நடத்தினார். உலகின் முதல் பெரிய ஆணழகன் போட்டி அதுதான். நீதிபதிகளில் ஒருவர் யார் தெரியுமா? ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில்!

எதைப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள்? ஐந்து விஷயங்களைப் பார்த்தார்கள். உடம்பின் மொத்த வளர்ச்சி ஒன்று. எல்லா உறுப்பும் ஒரே அளவாக வளர்ந்திருக்கிறதா என்பது இரண்டு. தசையின் உறுதி மூன்று. தோலின் நிலை நான்கு. ஐந்தாவது, ஆரோக்கியம்!

மிகப் பெரிய தசை வைத்திருப்பவனுக்கே பரிசு என்று சாண்டோ சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். வழக்கின் முடிவில் இது தேவைப்படும்.

சாண்டோ 1904, 1905-ம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய பெயர் இங்கே பட்டமாகவே ஆகிவிட்டது. எம்.ஜி.ஆரை வைத்துப் பல படங்கள் எடுத்த கோவைச் சின்னப்பா தேவரை எல்லாரும் அறிவார்கள். அவரும் இளமையில் தேகப்பயிற்சியில் பேர் பெற்றவர். 'சாண்டோ சின்னப்பா தேவர்' என்றுதான் அவரை அழைத்தார்கள்.

அர்னால்டு கட்சி

அர்னால்டு சுவார்சநேகர் 1947-ல் ஆஸ்திரியா நாட்டில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தார். 20-வது வயதிலேயே 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் பெற்றார்.

அதைவிடப் பெரிய பட்டம் 'மிஸ்டர் ஒலிம்பியா'. இந்தப் போட்டி 1965-ல் தொடங்கியது. அர்னால்டு 1970 முதல் 1975 வரை ஆறு முறை தொடர்ந்து வென்றார். பிறகு போட்டியை விட்டு விலகினார். 1980-ல் திரும்பி வந்து மீண்டும் வென்றார். ஆக ஏழு முறை.

சினிமாவில் நடித்தார். உலகமெல்லாம் புகழ் பரவியது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக்கு 2003 முதல் 2011 வரை கவர்னராக இருந்தார். ஆணழகன் போட்டி என்றால் என்னவென்றே தெரியாத பாட்டிகூட அர்னால்டு பெயரைக் கேட்டிருப்பாள்.

புகழை வைத்துப் பார்த்தால் அர்னால்டுக்கு இணை இல்லை.

எட்டு முறை வென்றவர்கள்

பட்டத்தின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால்? அங்கே அர்னால்டு தோற்றுப் போகிறார்.

அமெரிக்காவின் லீ ஹேனி 1984 முதல் 1991 வரை எட்டு முறை வென்றார். அதே நாட்டின் ரோனி கோல்மன் 1998 முதல் 2005 வரை எட்டு முறை வென்றார்.

கோல்மன் போலீஸ்காரர். வேலையும் பார்த்துக் கொண்டே பட்டமும் வென்றார். தோளில் 363 கிலோவைச் சுமந்து, உட்கார்ந்து எழுந்து காட்டினார். ஏழு சிமெண்டு மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்கி எடுப்பதற்குச் சமம் அது! 2003 போட்டியில் அவருடைய எடை 130 கிலோ. அத்தனையும் முறுக்கேறிய தசை.

தசையை வைத்துப் பார்த்தால் கோல்மன் மலை.

ஆனால், அந்த மலை இன்று எப்படி இருக்கிறது? முதுகிலும் இடுப்பிலும் அவருக்குப் பத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. ஊன்றுகோல் பிடித்து நடக்க வேண்டியதாயிற்று. சக்கர நாற்காலியும் தேவைப்பட்டது. அளவு மீறிய எடைகளைப் பல ஆண்டுகள் சுமந்த முதுகு அது.

ஊசியின் கணக்கு

அந்த மூன்றாவது வாலிபனுக்கு ஆசை காட்டிய ஊசி என்ன?

அதன் பெயர் 'ஸ்டீராய்டு'. ஆண் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் சத்தைப் போலவே செய்யப்பட்ட மருந்து. சில நோய்களுக்கு டாக்டர்கள் அளவோடு கொடுப்பதுண்டு. தசையைப் பருக்க வைக்க வேண்டும் என்று அளவு மீறிப் போட்டுக்கொண்டால் ஆபத்து.

தசை பருக்கும். அது உண்மைதான். ஆனால், இதயச் சுவரும் தடிக்கும். ரத்த அழுத்தம் ஏறும். கல்லீரல் கெடும். வெளியிலிருந்து சத்து வருவதால், உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும். பிள்ளை பெறும் சக்தி குறையும். வளரும் பையன்கள் போட்டால் உயரம் நின்றுவிடும்.

அர்னால்டும் தம் காலத்தில் இந்த மருந்தை உபயோகித்ததை ஒப்புக்கொண்டிருக்கிறார். இளைஞர்கள் அதைத் தொடக்கூடாது என்றும் பின்னாளில் சொன்னார்.

அர்னால்டின் நாட்டிலேயே பிறந்தவர் ஆண்ட்ரியாஸ் முன்சர். அர்னால்டைப் போல் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கல்லில் செதுக்கியது போன்ற உடம்பு அவருக்கு. 1996-ல் உள்ளுறுப்புகள் செயலிழந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 31. அளவு மீறிய மருந்துகளே காரணம் என்றார்கள்.

வெளியே சிற்பம். உள்ளே சிதைவு!

நாலடி பதினோரு அங்குலம்

இந்த வழக்கில் இன்னொரு பெயரும் சேர வேண்டும். அவர் நம் நாட்டுக்காரர். பெயர் மனோகர் ஐச்.

1912-ல் அன்றைய வங்காளத்தில் கொமில்லா மாவட்டத்தில் பிறந்தார். 12-வது வயதில் காலா ஆசார் என்னும் கொடிய காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. உடம்பு எலும்பும் தோலுமாயிற்று. எழுந்ததும் தண்டால் எடுத்தார். பஸ்கி எடுத்தார். காசு செலவில்லாத பயிற்சிகள். இழந்த உடம்பை மீட்டார்.

உயரம் மட்டும் வளரவில்லை. நாலடி பதினோரு அங்குலத்தோடு நின்றுவிட்டது. 'பாக்கெட் ஹெர்குலிஸ்' என்று பிற்காலத்தில் அவருக்குப் பெயர் வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் பீமன் என்று அர்த்தம்!

இளமையில் மந்திரவாதி பி.சி.சர்க்காரோடு சேர்ந்து மேடைகளில் வித்தை காட்டினார். தடித்த புத்தகங்களைக் கையால் கிழித்தார். கத்தி முனைகளின் மேல் படுத்தார்.

1942-ல் வெள்ளையர் ஆட்சியின் விமானப் படையில் சேர்ந்தார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி இந்தியாவை இழிவாகப் பேசினார். ஐச்சுக்குப் பொறுக்கவில்லை. விட்டார் ஒரு அறை!

வேலை போயிற்று. சிறை வந்தது.

சிறையே பயிற்சிக்கூடம்

சிறையில் எடைத்தட்டு ஏது? கர்லாக்கட்டை ஏது? தரைதான் இருந்தது. அது போதும் என்றார் ஐச். சில நாட்களில் 12 மணி நேரம் பயிற்சி செய்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிறை அதிகாரிகளே வியந்துபோனார்கள். அவருக்கு நல்ல உணவு கிடைக்க ஏற்பாடு செய்தார்கள்.

நாடு விடுதலை பெற்றது. ஐச்சும் வெளியே வந்தார். வீட்டில் வறுமை. கல்கத்தாவில் சியால்டா ரயில் நிலையத்தில் தேங்காய் விற்றார்.

பயிற்சியை மட்டும் விடவில்லை.

1951-ல் லண்டனுக்குப் போய் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' போட்டியில் நின்றார். இரண்டாம் இடம். அதே ஆண்டு ஒரு பிரிவில் வென்றவரும் இந்தியரே. அவர் மனோதோஷ் ராய்.

ஐச் ஊர் திரும்பவில்லை. லண்டன் ரயில்வேயில் வேலை தேடிக்கொண்டார். பகலில் உழைத்தார். பயிற்சியும் செய்தார். 1952-ல் மறுபடியும் போட்டியில் நின்றார். உயரம் குறைந்தவர்கள் பிரிவில் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' ஆனார்!

பழைய சோறும் பால் பழமும்

அவர் என்ன சாப்பிட்டார்? சோறு, பருப்பு, காய்கறி, மீன், பால், பழம். வங்காளத்தில் 'பாந்தா பாத்' என்று ஓர் உணவு உண்டு. நம் ஊர்ப் பழைய சோறுதான் அது. அதன் பெருமையை ஐச் வாய் ஓயாமல் சொல்வார். புகை இல்லை. மது இல்லை. கவலையை மனதில் வைத்துக்கொள்வதும் இல்லை.

90 வயதை ஒட்டியும் மேடையில் ஏறி உடம்பைக் காட்டினார். நூறு வயதைத் தாண்டிய பிறகும் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2016 ஜூன் 5-ந் தேதி, 104-வது வயதில் கண்ணை மூடினார்.

தீர்ப்பு என்ன?

எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருப்பாரா? "கோல்மன் பக்கத்தில் ஐச்சை நிறுத்துங்கள், பார்க்கலாம்!" என்பார். நிறுத்தினால் ஐச் அவர் தோளுக்குத்தான் வருவார். தசையில் தோற்பார். பட்டக் கணக்கிலும் தோற்பார். புகழில் அர்னால்டிடம் தோற்பார். இதை மறுக்க முடியாது.

உடற்பயிற்சி செய்தவர்கள் எல்லாரும் 104 வயது வாழ்வார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆயுள் பல காரணங்களால் அமைவது.

ஆனால், 1901-ல் சாண்டோ வைத்த அளவுகோலை மறுபடி எடுத்துப் பாருங்கள். வளர்ச்சி, பொருத்தம், உறுதி, தோல், ஆரோக்கியம். ஐந்தாவது விஷயத்தைப் பின்னால் வந்த மேடைகள் மறந்துவிட்டன. அதையும் சேர்த்து எண்ணினால், அந்தக் குள்ள மனிதர் எல்லாரையும்விட உயர்ந்து நிற்கிறார். நோயில் எழுந்த உடம்பு. சிறையில் வளர்ந்த உடம்பு. தேங்காய் விற்ற உடம்பு. நூறு ஆண்டு கடந்தும் தன் எஜமானனைக் கைவிடாத உடம்பு!

செண்பகத்தோப்பில் வெயில் ஏறிவிட்டது. பெரியவர் மரத்திலிருந்து இறங்குகிறார். நாற்பது வருடம் தென்னை ஏறிய கால்கள். மூன்று இளநீரைச் சீவி, ஆளுக்கு ஒன்று கொடுக்கிறார்.

"குடிங்க தம்பி. உடம்பு மெதுவாத்தான் வரும். அவசரப்பட்டா நிக்காது."

மூன்றாவது வாலிபன் இளநீரை வாங்கிக்கொள்கிறான். அவன் சேர்த்த பணம் வீட்டில் பெட்டியில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் ஊசி வாங்குவானா? அல்லது வேர்க்கடலையும் முட்டையும் பாலும் வாங்கச் சொல்லி அம்மா கையில் கொடுப்பானா?

வழக்கின் உண்மையான தீர்ப்பு அவன் கையில்தான் இருக்கிறது. ஒல்லியான கைதான். ஆனால், அவனுடைய சொந்தக் கை!