இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இரவில் மத்திய அலையைத் திருப்பினால் ஹைதராபாத்திலும் தொலைதூரத் தமிழ் நிலையங்கள் மெல்லக் கேட்பதுண்டு. இப்போதோ பல வீடுகளில் 'கர்ர்' என்ற இரைச்சல்தான் மிஞ்சுகிறது. பெட்டி பழுது என்று எண்ணிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மலிவான எல்.இ.டி. பல்பு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவையே. இவற்றுள் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டிச் செலுத்தப்படுகிறது. அந்த அதிர்வின் மடங்குகள் மத்திய அலையையும் சிற்றலையையும் நிரப்பிவிடுகின்றன.

இது வெறும் பாட்டுக் கேட்கும் விஷயமன்று. நம் நகரிலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று 2004 டிசம்பரில் அந்தமான் சென்றிருந்தது. 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, பாரதி பிரசாதும் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் வானொலி மூலம் செய்திகளை அனுப்பினர். அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய மெல்லிய குரலை அடுத்த வீட்டுச் சார்ஜர் ஒன்றே மூழ்கடித்துவிடக்கூடும்.

ஹாம் உரிமம் பெற்றவன் என்ற முறையில் நான் கையாளும் வழியைச் சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் சிறு டிரான்சிஸ்டரை, நிலையம் ஏதுமில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள்.

நிற்காவிட்டால் தெருவுக்கு வாருங்கள். பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் தண்டின் முனை இரைச்சல் வரும் திசையை நோக்கும்போது ஓசை மிகக் குறையும். இரண்டு இடங்களில் நின்று அத்திசைகளைக் குறித்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் தேடலாம். வீட்டுக்குள் மின்கம்பிகளே இரைச்சலைச் சுமப்பதால் இம்முறை குழப்பும்.

அங்கே கைத்துழாவி உதவும். கோஆக்சியல் கேபிளின் முனையில் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள கம்பி வளையம் ஒன்றைப் பற்றவைத்து, நன்றாக டேப் சுற்றி, மறுமுனையைச் சிற்றலைப் பெட்டியின் ஆன்டெனா துளையில் செருகவேண்டும். காந்தப்புலம் தூரத்துடன் வெகுவேகமாகக் குறைவதால், வளையம் குற்றவாளிக் கருவியை நெருங்கும்போதுதான் ஓசை பலமாகும். திறந்த மின்கம்பியருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பிள்ளைகள் விடுதிகளில் தங்கும் காலமிது. ஒளித்துவைத்த ஒலிபரப்பியைக் கண்டுபிடிக்கும் கருவிகள் கடைகளில் விற்கின்றன. மலிவான கருவிகள் எந்த அலைக்கும் சிணுங்கும். ஆகவே முதலில் கைப்பேசிகளையும் வைஃபையையும் அணைக்கவேண்டும். ஒலிபரப்பாமல் பதிவு மட்டும் செய்யும் கருவியை அவை காட்டா. அதனால் கருவி மௌனமாயிருப்பதை நம்பிவிடாமல், விளக்கை அணைத்து டார்ச் ஒளியில் காமிரா வில்லையின் மினுக்கத்தையும் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 'சிக்னல் பூஸ்டர்' என்று விற்கப்படுவதை அனுமதியின்றி மாடியில் பொருத்துவது சட்டவிரோதம். அது கோபுரத்தின் காதை அடைத்து, தெரு முழுவதும் ஆம்புலன்சுக்குக்கூடப் பேசமுடியாமல் செய்துவிடும். சிக்னல் போதவில்லையெனில் கைப்பேசி நிறுவனத்திடம் புகார் கொடுப்பதே முறை.