காசிக்கு ரயிலா, விமானமா?

வேப்பந்தட்டையிலிருந்து காசி யாத்திரை செல்ல விழையும் மூத்த அன்பர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பயண வழியை. பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை. அரியலூரையோ திருச்சியையோ அடைந்துதான் ரயிலேற வேண்டும்.

மரபுப்படி இராமேசுவரக் கடல் மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீர் கொணர்ந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் யாத்திரை நிறைவுறும். இவ்வரிசைக்கு இசைந்தது இராமேசுவரம்–பனாரஸ் வாராந்தர ரயில். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தீவுக்கு மீண்டும் ரயில் செல்கிறது.

ரயிலில் ஏறத்தாழ 2 நாள் ஆகும். முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்கும். 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதையும் செலவுக் கணக்கில் கொள்க.

முழங்கால் நோயும் மூச்சிரைப்பும் உடையோர் மருத்துவரைக் கலந்துகொண்டு, சென்னை சென்று விமானம் ஏறுவதில் குறையேதுமில்லை. சக்கர நாற்காலி வேண்டுமெனப் பயணச்சீட்டு பெறும்போதே தெரிவித்துவிடுக. கங்கைச் செம்பை எவ்வாறு கொண்டுவரலாம் என்பதையும் அப்போதே கேட்டறிக.

போகையில் ரயில், திரும்புகையில் விமானம் என்பதும் நல்வழியே. விசுவநாதர் சந்நிதியில் களைப்பின்றி நின்று கைகூப்ப உடலில் வலு மிஞ்ச வேண்டும்; அதற்கேற்ற வழியே உகந்த வழி.