ஜெர்மனியில் பிளஸ் டூவின் மதிப்பு என்ன?

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பொதுத்தேர்வு ஆறு பாடங்களுக்கும் சேர்த்து 600 மதிப்பெண்களுக்கு நடத்தப்படுகிறது. ஒவ்வொரு பாடத்திலும் 35 பெற்றால் தேர்ச்சி. பவானி வட்டாரப் பள்ளியில் படித்து இச்சான்றிதழைப் பெறும் மாணவர், அதைக் கொண்டு ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ, அச்சான்றிதழ் தன் நாட்டின் பள்ளியிறுதித் தகுதிக்கு ஈடாகுமா என்றே முதலில் ஆராய்கிறது. இணைத்தன்மை எனப்படும் இம்மதிப்பீட்டில் படித்த ஆண்டுகள், பாடங்கள், மதிப்பெண் ஆகிய மூன்றும் தனித்தனியே எடைபோடப்படுவதால், 90 விழுக்காடு பெற்றவருக்கும் நேரடி இடம் கிடைக்காமல் போகக்கூடும்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்காததால் தமிழக மாணவர்களை ஈர்க்கும் ஜெர்மனி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே 12 அல்லது 13 ஆண்டுப் பள்ளிக் கல்வியின் முடிவில் பெறும் 'அபிட்டூர்' தகுதிக்கு இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பு முழு ஈடாகக் கொள்ளப்படுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப மூன்று வழிகள் உள்ளன. 'ஸ்டூடியன்கோலெக்' என்னும் ஆயத்தக் கல்லூரியில் வழக்கமாக இரண்டு பருவங்கள் பயின்று தகுதித் தேர்வில் வெல்வது ஒன்று. ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேறித் தொழில்நுட்ப, அறிவியல் படிப்புகளுக்கு விண்ணப்பிப்பது மற்றொன்று. அங்கீகாரம் பெற்ற இந்தியக் கல்லூரியில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்து, அதே துறையில் இடம் கேட்பது மூன்றாவது. பவானியை அடுத்த சித்தோட்டில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியில் ஓராண்டு படித்தவருக்கு இவ்வழி பொருந்தும்.

மதிப்பெண்ணும் அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்த தரம், 4.0 தேர்ச்சியின் எல்லை. எண் கூடக் கூடத் தரம் குறையும். இதற்குப் பரவலாகப் பயன்படும் பவேரிய வாய்ப்பாட்டின்படி, உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் உச்சம் 600, தேர்ச்சி 210 என்பதால், 480 பெற்றவருக்கு 120-ஐ 390-ஆல் வகுத்து வரும் கணக்கின்படி ஏறத்தாழ 1.9 என்ற நல்ல தரம் கிடைக்கிறது.

சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க 'ஏபிஎஸ்' என்ற மையம் டெல்லியில் இயங்குகிறது. 2022 நவம்பர் 1 முதல், சில விலக்குகள் நீங்கலாக, மாணவர் விசாவுக்கு அதன் சான்று கட்டாயம். இதனுடன், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை மாதந்தோறும் பகுதி பகுதியாக மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில் செலுத்திக் காட்டுவது 2024 செப்டம்பர் முதல் வழக்கத்தில் உள்ளது.

பிற நாடுகளில் அளவுகோல் மாறுகிறது. இங்கிலாந்தில் பள்ளியின் கடைசி ஈராண்டுகளில் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டும் ஆழமாகப் படிப்பதால், அங்குள்ள பல்கலைக்கழகங்கள் மொத்த மதிப்பெண்ணோடு துறைசார்ந்த பாடங்களின் மதிப்பெண்ணையும் கூர்ந்து பார்க்கின்றன. கணிதம் இல்லாத 'குரூப்'பில் படித்தவர் பொறியியல் கேட்டால் தடை எழுவது இதனால்தான். அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் மொத்தம் 16 ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கின்றன. நான்காண்டு பி.இ. முடித்தவருக்கு அது நிறைவேறிவிடும், மூன்றாண்டு பி.காம். முடித்தவருக்கு ஓராண்டு குறையும்.

தாயகம் திரும்புவோருக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது. வெளிநாட்டுத் தகுதிகளுக்கு இணைத்தன்மை வழங்குவதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்டது. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அவற்றுக்குள் வரவில்லை. மருத்துவத்துக்கு நீட் தேர்ச்சி தேவை. அதனுடன், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகள் ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பையும், படித்த நாட்டிலேயே 12 மாதப் பயிற்சியையும் வேண்டுகின்றன.

ஆகவே, சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு விசாரிப்பதைவிட, பதினொன்றாம் வகுப்பில் 'குரூப்'பைத் தேர்ந்தெடுக்கும் வேளையிலேயே, செல்லவிருக்கும் நாடு எதைக் கேட்கும், திரும்பி வந்தால் இந்தியா எதை ஏற்கும் என்ற இரண்டையும் அறிந்துகொள்வது, பணத்தோடு ஓராண்டுக் காலத்தையும் மிச்சப்படுத்தும்.