வண்டிக்கு அடியில் முனகுவது யார்? எண்ணிப் பார்த்தால் தெரியும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலை. இருபுறமும் செம்பனை மரங்கள். மாமாவின் பிக்கப்பில் பின்னிருக்கையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்ற மாதம்தான் அவர் வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்திப் பெரிய டயர் மாட்டினார். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது வேகம் 80-ஐத் தொட்டதும் காலடியில் 'ஊம்ம்ம்' என்று ஒரு முனகல். இருக்கையும் லேசாக நடுங்குகிறது. 70-க்கு இறங்கினால் அடங்கிவிடுகிறது.

ஜொகூரில் பலர் வண்டியை உயர்த்துவது அழகுக்காக மட்டும் இல்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதை உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பார்கள். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருக்கலாம். தோட்டத்துச் சேற்றுப் பாதைகளும் தாழ்ந்த வண்டியை எளிதில் விடுவதில்லை. ஆனால், உயரம் கூடினால் வண்டிக்கு அடியில் இருக்கும் கோணங்களும் மாறுகின்றன. முனகல் அங்கேதான் தொடங்குகிறது.

மாமா நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். டயர், பேரிங், கியர்பெட்டி, டிஃபெரன்ஷியல். ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினால் பணம்தான் கரையும். சத்தம் அப்படியே இருக்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. இரண்டாம் படிவ மாணவரால் போட முடிகிற கணக்குதான்.

நான்கு சக்கர வண்டியில் எஞ்சினின் சுழற்சி கியர்பெட்டிக்கும், அங்கிருந்து ஒரு நீண்ட இரும்புக் குழாய் வழியாகப் பின் அச்சுக்கும் போகிறது. அந்தக் குழாய்க்குப் பெயர் புரொப்பெல்லர் ஷாஃப்ட். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போல் புடைத்திருப்பதுதான் டிஃபெரன்ஷியல். அதற்குள் ஒரு சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றிவிடும். சிறியதில் 10 பற்கள், பெரியதில் 41 பற்கள் என்று கொள்வோம். அப்படியானால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்ற வேண்டும்.

டயரின் விட்டம் 80 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22.2 மீட்டர். வகுத்துப் பாருங்கள். சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 சுற்று. ஷாஃப்ட் நொடிக்கு 36 சுற்று. டிஃபெரன்ஷியலில் பற்கள் ஒன்றோடொன்று கடிப்பது நொடிக்கு 360 தடவைக்குச் சற்று மேல்.

இந்த எண்கள்தாம் கைரேகை. டயர் சமநிலை இல்லாமல் இருந்தால் நடுக்கம் 9 ஹெர்ட்ஸில் வரும். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. அதனால் அதைக் காதால் அல்ல, ஸ்டீயரிங்கில் கையால் உணர்வோம். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் 360 ஹெர்ட்ஸில் கொசு பாடுவதுபோல் 'ஙீ' என்று மெல்லிய ஊளை கேட்கும். நம் 'ஊம்ம்ம்' அவ்வளவு உச்சத்தில் இல்லை. நடுக்கமும் அவ்வளவு மெதுவாக இல்லை. எனவே, சந்தேகம் ஷாஃப்ட் மீது விழுகிறது.

கைப்பேசியிலேயே இதை அளக்கலாம். அதிர்வை அளக்கும் உணரி எல்லாத் திறன்பேசிகளிலும் உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி அந்த அதிர்வின் அதிர்வெண்ணை வரைபடமாகக் காட்டும். கைப்பேசியை வண்டியின் தரையில் அழுத்தி வையுங்கள். ஓட்டுபவர் ஓட்டட்டும், அளப்பது பின்னிருக்கையில் இருப்பவரின் வேலை. வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். பெரிய டயர் மாட்டிய பிறகு வண்டியின் வேகமானியை நம்பக் கூடாது.

வரைபடத்தில் உச்சி 36-இல் வருகிறதா, 72-இல் வருகிறதா? ஒரே ஷாஃப்ட்தான்; ஆனால், நோய் வேறு வேறு.

36 என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு உதை. ஷாஃப்ட் எங்கோ வளைந்திருக்கிறது, அல்லது ஒரு பக்கம் எடை கூடியிருக்கிறது. காய்ந்து ஒட்டிய சேறுகூட இதைச் செய்யும். முதலில் கழுவிப் பாருங்கள் என்று சொல்ல ஒரு வெள்ளியும் செலவாகாது.

72 என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை. இது உயர்த்திய வண்டிக்கே உரிய சிக்கல். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ இணைப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் யூனிவர்சல் ஜாயிண்ட். பட்டறையில் போல்ட் கழற்றும் சாக்கெட் பெட்டியில் இதன் சிறிய வடிவம் இருக்கும். அதை எடுத்து 40 பாகை அளவுக்கு மடக்கி, ஒரு முனையைச் சீராகச் சுற்றுங்கள். மறுமுனை சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை விரைந்து, இரண்டு தடவை தயங்கும். விரல்களிலேயே தெரியும்.

கோணம் 10 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1.5 விழுக்காடுதான். 20 பாகையானால் 6 விழுக்காட்டுக்கு மேல் போகும். கோணம் இரட்டிப்பானால் தொல்லை நான்கு மடங்கு. இந்த இணைப்பைப் பற்றி 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் ராபர்ட் ஹூக். ஆம், சுருள்வில் விதியைச் சொன்ன அதே ஹூக். வண்டியை உயர்த்தும் வில்லிலும் அவர் இருக்கிறார், உயர்த்தியதால் முனகும் இணைப்பிலும் அவரே இருக்கிறார்.

அப்படியென்றால் எல்லா வண்டியும் முனக வேண்டுமே? முனகாததற்குக் காரணம், ஒரு முனையில் உண்டாகும் தயக்கத்தை மறுமுனை சமன் செய்துவிடுகிறது. அதற்கு இரு முனைகளிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். உயர்த்தும்போது பின் அச்சு சற்றே திரும்பிவிட்டால் ஒரு கோணம் பெரிதாகி மற்றது சிறிதாகிவிடும், கணக்கு தீராது. மீதி உதை வண்டியின் உடலுக்குப் போகிறது. அந்த உதையின் வேகமும் உடலின் இயல்பான அதிர்வெண்ணும் பொருந்தும் இடத்தில் ஒத்ததிர்வு உண்டாகிறது. 80-இல் முனகி 70-இல் அடங்குவதன் ரகசியம் இதுதான். இதற்கு டிஃபெரன்ஷியலை மாற்ற வேண்டியதில்லை. அச்சுக்கும் வில்பட்டைக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு ஒன்றை வைத்துக் கோணத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.

முன்பக்கம் கதையே வேறு. பல பிக்கப்களில் முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டுகள் குட்டையானவை. 1.25 மீட்டர் நீளமுள்ள பின் ஷாஃப்ட்டின் ஒரு முனை 5 சென்டிமீட்டர் இறங்கினால் கோணம் இரண்டு பாகைக்குச் சற்று மேல்தான் மாறும். 40 சென்டிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு அதே 5 சென்டிமீட்டர் ஏழு பாகை. இங்கே இருப்பது 1920களில் ஆல்ஃபிரெட் ஷெப்பா என்ற பொறியாளர் வடிவமைத்த வகை இணைப்பு. ஆறு எஃகு உருண்டைகளைக் கொண்ட அது எந்தக் கோணத்திலும் சீராகச் சுற்றும், எனவே முனகாது. ஆனால், அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கூடுதல் கோணத்தில் உரசிக் கிழியும். மணலும் சேறும் உள்ளே போகும். பிறகு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று கேட்கும். அதைக் கேட்டபின் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எண்ண முடியாத சத்தங்களுக்கு வேறு வழி இருக்கிறது: எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்று பாருங்கள். அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றியும் சத்தம் மாறவில்லையென்றால் எஞ்சின் குற்றவாளி இல்லை. சாலை இடப்பக்கம் வளையும்போது உறுமல் கூடினால் வலச் சக்கரத்தின் பேரிங்கைப் பாருங்கள். வண்டியின் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் மட்டும் சத்தம் வந்தால் முன்பக்கம். இந்தச் சோதனையை மண்பாதையில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த வித்தியாசம் வழுக்கித் தீராமல் கியர்களை முறுக்கிவிடும்.

வெள்ளத்தில் இறங்கி வந்த வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. ஓடிச் சூடான டிஃபெரன்ஷியல் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பட்டறையில் எண்ணெயை இறக்கும்போது அது தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. உடனே மாற்றினால் எண்ணெய்ச் செலவோடு போகும்.

வண்டி புறப்படும்போது 'டணக்' என்று ஒரு அடி, மெதுவாக ஊரும்போது சிட்டுக்குருவி போல 'கீச் கீச்' என்று ஒரு ஒலி. இவை கேட்டால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். யூனிவர்சல் ஜாயிண்ட்டின் ஊசி பேரிங்குகள் காய்ந்து தேய்ந்திருக்கலாம். அது ஓட்டத்தில் உடைந்து ஷாஃப்ட்டின் முன்முனை சாலையில் விழுந்தால், ஓடும் வண்டிக்கு அடியில் ஊன்றிய கம்பாகிவிடும். வண்டியை நிறுத்தி இழுவை லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் அடியில் தவழ்ந்து பார்க்கப் போகாதீர்கள். உயர்த்திய வண்டிக்கு அடியில் இடம் நிறைய இருப்பதுபோல்தான் தெரியும்.