இருபதுக்கு ஒன்று

உயிரணுக்கள் ஓயாமல் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தும் தமனிக் குருதியின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்பது சென்ற இதழில் சுட்டப்பட்டது. பி.எச். என்பது கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மடக்கை முறையில் குறிக்கும் எண். அது ஓர் அலகு குறைந்தால் அச்செறிவு பத்து மடங்கு கூடியதாகப் பொருள். 1909-இல் இந்த அளவுகோலை வகுத்த சோரன்சன் பணியாற்றியது கோபன்ஹேகனில், பீர் ஆலை ஒன்றுடன் இணைந்த கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில். அரை நூற்றாண்டு கழியுமுன், அதே நகரின் மருத்துவமனை ஒன்றில் அந்த எண் உயிர்காக்கும் அளவீடாக மாற இருந்தது.

குருதியில் அமிலம் சேரும்போது பி.எச். சரிந்துவிடாமல் காப்பவை தாங்கல் அமைப்புகள். வலுக்குறைந்த ஓர் அமிலமும் அதன் இணைக் காரமும் ஒருங்கே இருக்கும் கரைசலில், புதிதாக வரும் ஹைட்ரஜன் அயனிகளை அந்தக் காரம் பற்றிக்கொள்கிறது; காரம் மிகுந்தால் அமிலம் தன் அயனிகளை விட்டுக்கொடுக்கிறது; எனவே மாற்றம் எப்பக்கம் நிகழ்ந்தாலும் மட்டுப்படுகிறது. உயிரணுக்களுக்குள் புரதங்களும் பாஸ்பேட்டும், சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினும் இப்பணியைச் செய்கின்றன. உயிரணுக்களுக்கு வெளியே முதலிடம் பைகார்பனேட்டுக்கே.

வேதியியல் நோக்கில் இது வியப்புக்குரியது. அமிலமும் காரமும் சம அளவில் இருக்கும் பி.எச்.-இல்தான் ஒரு தாங்கல் அமைப்பு மிகத் திறம்படச் செயல்படும். பைகார்பனேட்டுக்கு அந்தப் புள்ளி 6.1, குருதியின் பி.எச்.-ஓ 7.4. அந்நிலையில் காரமாக லிட்டருக்கு 24 மில்லிமோல் பைகார்பனேட்டும் அமிலமாக 1.2 மில்லிமோல் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் உள்ளன. விகிதம் இருபதுக்கு ஒன்று. குடுவைக்குள் இப்படியொரு கரைசலைத் தாங்கலாக எந்த வேதியியலாளரும் விரும்பித் தேர்ந்தெடுக்கமாட்டார்.

ஆனால் உடல் மூடிய குடுவையன்று. ஒரு லிட்டர் தூய நீரில் 10 மில்லிமோல் வலிய அமிலத்தைக் கலந்தால் அதன் பி.எச். 7-இலிருந்து 2-க்கு வீழும். அதே அமிலத்தைப் பைகார்பனேட் கரைசலில் சேர்த்து, உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை வெளியேறவிடாமல் அடைத்துவைத்தால், பி.எச். சுமார் 6.2-இல் நிற்கும், அதுவும் உயிர் தாங்காத அளவே. நுரையீரல் அந்த வாயுவை வெளியேற்றி 1.2 என்ற அளவிலேயே நிறுத்துமானால் விகிதம் ஏறத்தாழ 12-க்கு ஒன்றாகி, பி.எச். 7.17 ஆகும், மூச்சு விரைந்து வாயு மேலும் குறைந்தால் அது 7.3-ஐ எட்டும். நீரிழிவின் கீட்டோ அமிலத் தேக்கத்தில் நோயாளி ஆழ்ந்தும் விரைந்தும் மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே. ஹார்வர்டைச் சேர்ந்த ஹெண்டர்சன் 1908-இல் எழுதிய சமன்பாட்டைக் கோபன்ஹேகனின் ஹாசல்பால்க் பின்னர் மடக்கை வடிவில் மாற்றியமைத்தார், பி.எச்.-ஐத் தீர்மானிப்பது பைகார்பனேட்டின் தனி அளவன்று, அதற்கும் கரைந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் இடையிலான விகிதமே என்பதுதான் அதன் சாரம்.

இச்சாரத்தை மறந்தால் நேரும் விளைவை 1952-இல் கோபன்ஹேகனின் பிளெக்டம் மருத்துவமனை கண்டது. இளம்பிள்ளைவாதம் பரவிய அக்கோடையில், மூச்சுத்தசை செயலிழந்தவர்களுள் முதல் மூன்று வாரங்களில் சேர்க்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர். குருதியில் பைகார்பனேட் உள்ளிட்ட மொத்தக் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருந்ததால், காரம் கூடிவிட்டதென்று மருத்துவர்கள் கருதினர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை மறுத்தார்: மூச்சுக் குறைவால் கார்பன் டை ஆக்சைடு தேங்கியதே காரணம் என்றும், குருதி உண்மையில் அமிலத்தன்மை அடைந்திருக்கிறது என்றும் அவர் வாதிட்டார். பைகார்பனேட் 28 ஆக உயர்ந்திருந்தாலும் கரைந்த வாயு 2.4 ஆக இரட்டித்திருந்தால், முற்கூறிய கணக்கின் அதே 12-க்கு ஒன்று என்ற விகிதமும் அதே 7.17-உம் வந்துவிடும். பவுல் ஆஸ்ட்ரப்பின் பி.எச். அளவீடுகள் இப்சன் சொன்னதையே மெய்ப்பித்தன. கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்ட, இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது.

இன்று ஏ.பி.ஜி. எனப்படும் தமனிக் குருதி வாயுச் சோதனையின் அறிக்கையில் பி.எச்., கார்பன் டை ஆக்சைடு அழுத்தம், பைகார்பனேட் ஆகிய மூன்றும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. நுரையீரல் வாயுவை வெளியேற்றலாமே தவிர, செலவழிந்த பைகார்பனேட்டை மீட்டுத்தர அதனால் இயலாது. அப்பணி சிறுநீரகத்துடையது, முழுமை பெறச் சில நாட்கள் பிடிப்பது; அது அடுத்த இதழில்.

(தொடரும்)