உங்களுக்குத் தெரியுமா? வேப்பிலைச் சாற்றில் விளையும் வெள்ளித் துகள்

வேப்பிலையைக் கொதிக்க வைத்து வடித்த சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால், நிறமற்ற நீர் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பேறும். இலையிலுள்ள வேதிப்பொருள்கள் வெள்ளி அயனிகளை நானோ துகள்களாக மாற்றுவதன் அடையாளம் அது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004-இல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

இந்தத் துகள்கள் கிருமியைக் கொல்லும். அப்படியானால் வடசென்னை விம்கோ நகர் வேப்பமரங்களைக் கொண்டே, ஆலைக் கழிவு சேரும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுத்தம் செய்யலாமே என்று தோன்றும். வெள்ளி அதற்கு ஆகாது. கிருமியைக் கொல்லும் அதே வெள்ளி மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் நஞ்சு. தேயிலைச் சாற்றில் உருவாகும் இரும்புத் துகள்கள் எவ்வளவோ மேல். சாயத்தைச் சிதைக்கும், சில கன உலோகங்களைப் பிடித்து வைக்கும். ஆனால் உப்புநீரில் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திறன் இழக்கும். இலைச் சாறும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே இரும்புத் துகள்களைக் கழிமுகத்தில் கொட்டாமல், ஆலைக் கழிவுநீர் வெளியேறும் இடத்திலேயே வடிகட்டியில் பதித்து வைப்பதுதான் சரி. ஆலைக்குச் செலவு கூடும் என்பார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூரில் படகு, வலை, அலையாத்தி மரம் என எல்லாவற்றிலும் அப்பியது; மீனவர்களே அதை வாளியில் அள்ளினார்கள். எண்ணெய்க்கு இந்தத் துகள்கள் மருந்தல்ல. ஆனாலும் கழிவை ஆலை வாசலிலேயே தடுக்காவிட்டால் செலவு யார் தலையில் விழும் என்பதை அது காட்டிவிட்டது. அந்தச் செலவை ஏற்க வேண்டியது ஆலைதான், மீனவர் அல்ல.