நாலு கோடு, நகராத வீடியோ

"ஃபோனில் நாலு கோடும் நிற்கிறது; ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த சிம்முக்கு மாறலாம்?" என்று தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

கம்பெனி பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவர் தெருவில் சரியாக இருப்பது அடுத்த தெருவில் படுத்துக்கொள்ளும். அந்தக் கோடுகள் டவரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அதே டவரை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள் என்பது அதில் தெரியாது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கோடு என்பது சாம்பார் வாசனை. இலைக்கு எப்போது வரும் என்பது பரிமாறுபவர் கையில். 4ஜி டவரில் அவர் ஒரு மென்பொருள். 'இப்போது எந்த இலைக்கு' என்று நொடிக்கு ஆயிரம் தடவை முடிவெடுக்கிறார். ஒவ்வொரு ஃபோனும் தனக்கு எவ்வளவு பெரிய கரண்டி தாங்கும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். டவருக்குப் பக்கத்தில் சிக்னல் தெளிவு. ஒரு வீச்சில் 6 பிட், சமயத்தில் 8 பிட்கூட விழும். கடைக்கோடித் தாத்தாவுக்கு 2 பிட்தான். அவர் இலை நிரம்ப மூன்று மடங்கு நேரமாகும். அந்தக் கூடுதல் நேரம் மற்றவர்கள் பங்கிலிருந்துதான் போகும்.

முன்வரிசைக்கே ஊற்றினால் வாளி சீக்கிரம் காலியாகும், தாத்தா பட்டினி. எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் பந்தியே நகராது. பரிமாறுபவர் போடும் கணக்கு எனக்கு அலுக்காத ஒன்று: இந்தக் கணத்தில் இவருக்கு எவ்வளவு போகும் என்பதை, இதுவரை இவருக்குச் சராசரியாக எவ்வளவு போயிருக்கிறது என்பதால் வகுக்கிறார். விடை யாருக்குப் பெரிதோ அவருக்கே கரண்டி. சிக்னலோ ஒரே நிலையில் நிற்காது: சுவரிலும் பஸ்ஸிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 செ.மீ.; ஃபோனை நாலு விரல் நகர்த்தினாலே சிக்னல் ஏறி இறங்கும். அதனால் தாத்தாவுக்கும் நல்ல கணங்கள் உண்டு. அவற்றைப் பார்த்து ஊற்றுகிறார். தொல்லையான ஏற்ற இறக்கமே லாபமாகிவிடுகிறது. பாயசம் எப்போது என்று கேட்காதீர்கள். உவமைக்கு அவ்வளவுதான் தெம்பு.

சரித்திரம் வேண்டுவோருக்கு: டாடா ஃபோட்டான் பிளஸ் டேட்டா கார்டு நினைவிருக்கும். அதன் அடியில் இருந்த இவி-டிஓ நுட்பத்துக்காகப் பேராசிரியர் டேவிட் ட்சே வகுத்த கணக்கு இது. போதும்.

'அதிவேக நெட்வொர்க்' என்ற விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். உங்கள் டவரில் ஒன்பது மணிக்கு எத்தனை பேர் என்று அதில் இருக்காது. கம்பெனிகளின் கவரேஜ் வரைபடத்திலும் இருக்காது. திரையில் 5ஜி என்று எழுத்து வந்தால் டேட்டாவும் அதில்தான் ஓடுகிறது என்றில்லை. 4ஜியோடு பிணைந்த 5ஜி வகையில், அருகில் 5ஜி கிடைக்கக்கூடும் என்பதற்கே அந்த எழுத்து வந்துவிடும்.

வேறு சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை, வீடியோ சுற்றும் அதே அறைக்கு அதே ஒன்பது மணிக்கு ஃபோனோடு கூப்பிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 'மைஸ்பீட்' செயலியை இரண்டு ஃபோனிலும் ஓட்டுங்கள். அப்லோடையும் பாருங்கள்: டவர் பல பத்து வாட்டில் பேசும், உங்கள் ஃபோனின் குரல் பெரும்பாலும் 0.2 வாட்டைத் தாண்டாது. ஜன்னலோரம் போனால் மட்டும் ஏறுகிறதென்றால் தடை சுவர்தான். அப்போது 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை உங்கள் பகுதியில் யாரிடம் ஓடுகிறது என்று விசாரியுங்கள். 3500 மெகாஹெர்ட்ஸ் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பக்கத்து வீட்டு சிம் ஜெயித்தால், எண்ணை மாற்றாமலே தாவ முதல் படி 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ்.